செல்போன் அலையும் உயிரணுவும்: சூடு மட்டும்தானா?

2000ஆம் ஆண்டு மே மாதம் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு சிறு ஆய்வுக் குறிப்பு பெரிய பரபரப்பைக் கிளப்பியது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் டேவிட் டி பொமராய் குழுவினர், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழுக்களை 750 மெகாஹெர்ட்ஸ் நுண்ணலையில் இரவு முழுக்க வைத்திருந்தார்கள். காலையில் பார்த்தால், புழுக்களின் உயிரணுக்கள் ‘வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை’ உற்பத்தி செய்திருந்தன. சூட்டில் மற்ற புரதங்கள் குலைந்துவிடாமல் காக்க உயிரணு தயாரித்துக்கொள்ளும் பாதுகாப்புச் சரக்கு அது. ஆனால் அலையின் வலிமையோ மிகக் குறைவு. புழுக்கள் சூடாகியதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. சூடே இல்லாமல் இத்தகைய அலைகள் உயிரணுவைத் தொந்தரவு செய்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா என்று பலர் கேட்டார்கள்.

2006இல் அந்தக் குழுவே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. கருவியை மறுபடி துல்லியமாகச் சோதித்ததில், அலை பட்ட புழுக்கள் இருந்த பெட்டி, படாதவை இருந்த பெட்டியைவிடச் சுமார் 0.2 டிகிரி கூடுதலாகச் சூடாகியிருந்தது தெரியவந்தது. அந்தச் சூட்டைத் தவிர்க்கும்படி கருவியை மாற்றியமைத்ததும் விளைவும் அடங்கிப்போனது.

செல்போன் அலைகள் உயிரணுக்களை என்ன செய்கின்றன என்ற கேள்விக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஏராளமான ஆய்வுகள் பதில் தேடியிருக்கின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், ‘கெடுதல்’, ‘கெடுதல் இல்லை’ என்ற இரண்டு கட்சிகளைவிட வேறொரு போக்கு துலக்கமாகத் தெரிகிறது. சூட்டையும் ஒப்பீட்டுக் குழுவையும் எவ்வளவு இறுக்கமாகக் கவனிக்கிறார்களோ, அவ்வளவுக்குப் பெரும்பாலான விளைவுகள் சுருங்குகின்றன. ஆனால் எவ்வளவு இறுக்கினாலும் சில விளைவுகள் போக மறுக்கின்றன. இன்றைய விவாதம் அந்த மிச்சத்தைப் பற்றியது.

இயற்பியல் சொல்வது

எக்ஸ்ரே, காமா கதிர்கள் மரபணுவைச் சேதப்படுத்துவது எப்படி என்பது தெரிந்த விஷயம். அவற்றின் ஒவ்வொரு ஆற்றல் துகளும் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும் அளவுக்கு வலிமை வாய்ந்தது. செல்போன் அலை அந்த வகையில் சேராது. 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளில் இருக்கும் ஆற்றல், ஒரு எலக்ட்ரான் வோல்ட்டின் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. டிஎன்ஏவின் வேதிப் பிணைப்பு ஒன்றை முறிக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். நம் உடலின் 37 டிகிரி வெப்பநிலையில் மூலக்கூறுகள் தாமாகவே துடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த இயல்பான துடிப்பின் ஆற்றலேகூட இந்த அலைத் துகளின் ஆற்றலைப்போல் மூவாயிரம் மடங்குக்கும் மேல். ஆகவே ‘செல்போன் நேரடியாக டிஎன்ஏவை உடைக்கிறது’ என்ற வாதம் முதல் படியிலேயே தடுக்கி விழுகிறது.

எஞ்சுவது சூடு. மாறிக்கொண்டே இருக்கும் மின்புலம் திசுவிலுள்ள நீர் மூலக்கூறுகளையும் அயனிகளையும் அங்குமிங்கும் இழுக்கிறது. அந்த உராய்வில் வெப்பம் பிறக்கிறது. ஆனால் 2ஜி காலத்து ஜிஎஸ்எம் போன் ஒன்று உச்சத்தில் 2 வாட் வரை வெளியிட்டாலும், எட்டில் ஒரு பங்கு நேரமே அலை அனுப்புவதால் சராசரி கால் வாட்தான். நொடிக்கு 217 முறை இந்தத் துடிப்பு நிகழும். பழைய 2ஜி போனை ரேடியோ அருகில் வைத்தால் அழைப்பு வருமுன் கேட்ட ‘டிட்டிட்-டிட்டிட்’ ஒலி இந்தத் துடிப்பின் வேலை. இதனால் மூளைத் திசுவில் கூடும் வெப்பம் 0.1 டிகிரி அளவில்தான் இருக்கும். நீண்ட நேரம் பேசினால் காது சூடாவதற்குப் பெரும்பாலும் காரணம், பேட்டரியின் சூடும் தோலோடு ஒட்டிய போன் காற்றை மறிப்பதும்தான்.

சூடு அல்லாத வழி ஏதேனும் உண்டா? உயிரணுச் சவ்வில் மின்னழுத்தத்துக்கு ஏற்பத் திறந்து மூடும் கால்சியம் வாயில்கள் இருக்கின்றன. செல்போன் அலை அவற்றைத் தவறாகத் திறந்துவிடுகிறது என்று அமெரிக்க உயிர்வேதியியலாளர் மார்ட்டின் பால் 2013இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். எதிர்த்தரப்பு அளவுகளைக் காட்டுகிறது. சில நானோமீட்டர் தடிமனே உள்ள சவ்வின் குறுக்கே இயல்பாகவே மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கோடி வோல்ட் மின்புலம் நிலவுகிறது. அனுமதிக்கப்பட்ட உச்சத்தில் போன் திசுவுக்குள் உருவாக்கும் புலம் மீட்டருக்குச் சில பத்து வோல்ட். போதாக்குறைக்கு, 900 மெகாஹெர்ட்ஸ் அலை நொடிக்கு 90 கோடி முறை முன்னும் பின்னும் அலைகிறது. மில்லிநொடிக் கணக்கில் அசையும் புரத வாயில் அதைப் பின்தொடர முடியாது.

அப்படியானால் அந்த 217 ஹெர்ட்ஸ் துடிப்பை மட்டும் உயிரணு, ரேடியோப் பெட்டியைப்போலப் பிரித்தெடுத்துக்கொள்ளுமோ? பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதை நேரடியாகவே சோதித்தார்கள். அலையைப் பிரித்தெடுக்கும் எந்தப் பொருளும், தன்மீது விழும் அதிர்வெண்ணின் இருமடங்கு அலையைச் சிறிதளவேனும் திருப்பி வெளியிட வேண்டும். உயிருள்ள உயிரணுக்களையும் திசுக்களையும் 883 மெகாஹெர்ட்ஸ் அலையில் வைத்து, 1766 மெகாஹெர்ட்ஸில் ஏதாவது வருகிறதா என்று நுட்பமான கருவிகளால் கவனித்தார்கள். எதுவும் வரவில்லை. 2010இல் இந்த முடிவு வெளியானது.

வரம்பு எப்படி வந்தது

ஒரு கிலோ திசு ஒரு நொடியில் உறிஞ்சும் ஆற்றலை ‘சார்’ என்ற அளவால் குறிக்கிறார்கள்; அலகு, கிலோவுக்கு வாட். நெம்புகோலை அழுத்தினால் உணவு கிடைக்கும் என்று பழக்கப்பட்ட எலிகளும் குரங்குகளும், உடல் முழுவதும் கிலோவுக்கு 4 வாட் அளவில் அலை படும்போது அந்த வேலையை விட்டுவிட்டன. உடல் வெப்பநிலை சுமார் ஒரு டிகிரி ஏறியிருந்தது. அந்த 4 வாட்டை ஐம்பதால் வகுத்து, பொதுமக்களின் முழு உடலுக்கு 0.08 வாட் என்று வரம்பு வைத்தார்கள். தலை போன்ற ஓரிடத்துக்கு மட்டும் சர்வதேச வரம்பு, 10 கிராம் திசுவின் சராசரியில் 2 வாட். 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா இதைவிடக் கடுமையாக, ஒரு கிராம் சராசரியில் 1.6 வாட் என்று வைத்திருக்கிறது. டவர்களுக்கான வரம்பையும் அதே நாளிலிருந்து சர்வதேச அளவின் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. கையிலுள்ள போனின் அளவை *#07# என்று அழுத்தினால் பார்க்கலாம்.

இந்த எண்கள் காகிதத்தோடு நின்றுவிடுவதில்லை. 2023 செப்டம்பரில் பிரான்ஸின் அலைவரிசை ஆணையம் ஐபோன் 12ஐச் சோதித்தது. கை, கால்களுக்கான 4 வாட் வரம்புக்குப் பதில் 5.74 வாட் வந்ததால் விற்பனையை நிறுத்தச் சொன்னது. ஆப்பிள் மென்பொருளைத் திருத்திய பிறகே தடை நீங்கியது.

ஆனால் இந்த ஏற்பாடு முழுக்க நிறுவப்பட்ட ஒரே விளைவான சூட்டிலிருந்துதான் காக்கிறது. சூடு அல்லாத விளைவு ஒன்று உண்மையானால் அதற்கான வரம்பு இதில் இல்லை. ஆய்வுக்கூடச் சண்டைகளுக்கு இவ்வளவு எடை வருவது அதனால்தான்.

உடைந்த இழைகள்

1995இல் சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி லாய், நரேந்திர சிங் இருவரும் எலிகளை 2450 மெகாஹெர்ட்ஸ் நுண்ணலையில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு மூளை உயிரணுக்களை ஆராய்ந்தார்கள். உயிரணுவை ஜெல்லில் பதித்து மின்சாரம் செலுத்தினால், உடைந்த டிஎன்ஏ துண்டுகள் வால்நட்சத்திரத்தின் வால்போல இழுபட்டு நீளும்; வாலின் நீளம் சேதத்தின் அளவு. அலை பட்ட எலிகளில் வால் நீண்டிருந்தது. இயற்பியல் அனுமதிக்காத ஒன்றை உயிரியல் கண்டுவிட்டதாகச் செய்தி பரவியது.

செயின்ட் லூயிஸில் இதே பெயர்கொண்ட இன்னொரு வாஷிங்டன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஜோசப் ரோட்டி ரோட்டி குழுவினர், மோட்டோரோலா நிறுவனத்தின் நிதியில், அதே சோதனையைச் செய்து அந்தச் சேதம் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்றார்கள். கூடவே ஒன்றைக் கவனித்தார்கள்: எலியைக் கரியமில வாயுவால் கொன்றால், உயிர் பிரியும் நேரம் எலிக்கு எலி மாறி, அதுவே டிஎன்ஏ அளவீட்டைக் குழப்புகிறது. நிதி தந்தவர் யார் என்று ஒரு தரப்பும், எலி செத்த விதம் என்ன என்று மறுதரப்பும் இன்றுவரை வாதிடுகின்றன.

ஐரோப்பாவில் 2000 முதல் 2004 வரை நடந்த ‘ரிஃப்லெக்ஸ்’ திட்டத்தின் கதை இன்னும் கசப்பானது. ஏழு நாடுகளின் பன்னிரண்டு ஆய்வுக் குழுக்கள் சேர்ந்த அந்தத் திட்டத்தில், வியன்னா ஆய்வுக்கூடம் மனித உயிரணுக்களில் டிஎன்ஏ முறிவைக் கண்டதாக அறிவித்தது. ஜெர்மனியின் உல்ம் நகரில் குந்தர் ஸ்பைட் அதே கருவி, அதே முறையில் செய்து பார்த்து, 2007இல் அந்த முடிவு கிடைக்கவில்லை என்றார். அடுத்த ஆண்டு வியன்னாத் தரவுகளின் நம்பகத்தன்மைமீதே குற்றச்சாட்டு எழுந்து விவகாரம் நீதிமன்றம் வரை போனது. சட்டப்படி யார் வென்றார்கள் என்பது வேறு கதை. அறிவியலுக்குத் தேவைப்பட்ட மறு உறுதிப்பாடு மட்டும் வரவேயில்லை.

டெக்சாஸ் பல்கலைக்கழக மரபணு ஆய்வாளர் விஜயலக்ஷ்மியும் தாமஸ் பிரிஹோடாவும் இத்தகைய ஆய்வுகள் இருநூற்றுக்கும் மேற்பட்டவற்றை மொத்தமாகச் சலித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு கேள்விகள் கேட்டார்கள். எது அலை பட்ட உயிரணு என்று தெரியாமலே ஆய்வாளர் எண்ணினாரா? அளவு சரியாகக் கணக்கிடப்பட்டதா? அலை இல்லாத போலிச் சோதனை கூடவே நடந்ததா? சேதம் உண்டாக்கும் என்று தெரிந்த பொருளை வைத்துச் சோதனை முறையே சரிபார்க்கப்பட்டதா? நான்கையும் நிறைவேற்றிய ஆய்வுகளில் விளைவு மிகச் சிறியதாக இருந்தது. விட்டுவிட்டவற்றில் பெரியதாக இருந்தது.

விந்தணுவும் மூளையும்

டிஎன்ஏ உடையாவிட்டாலும் உயிரணுவில் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி உள்ளிருந்தே அரிக்கலாம் என்பது அடுத்த வாதம். இதற்கு அதிகம் காட்டப்படும் சான்று விந்தணு. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் அசோக் அகர்வால் குழுவினர், 32 ஆண்களின் விந்து மாதிரிகளை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒரு பாதியின் அருகே 2.5 சென்டிமீட்டரில் பேசும் நிலையிலுள்ள செல்போனை ஒரு மணி நேரம் வைத்தார்கள். 2009இல் வெளியான முடிவின்படி, போன் அருகிலிருந்த விந்தணுக்களின் நகரும் திறன் குறைந்தது, ஆக்சிஜன் மூலக்கூறுகள் கூடின. டிஎன்ஏ சேதம் மட்டும் இல்லை. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகம் டிஎன்ஏ சேதத்தையும் கண்டதாகச் சொன்னது. ஆனால் அங்கே பயன்படுத்திய அளவு கிலோவுக்கு 27.5 வாட் வரை போனது. கிண்ணத்தில் கிடக்கும் விந்தணுவுக்குச் சூட்டை எடுத்துச் செல்ல ரத்த ஓட்டமும் கிடையாது.

நேரடியாக மனிதர்களைப் பார்த்தது ஜெனீவா பல்கலைக்கழகம். 2005 முதல் 2018 வரை ராணுவத் தேர்வுக்கு வந்த 18 முதல் 22 வயதுள்ள 2,886 சுவிஸ் இளைஞர்களிடம் விந்து மாதிரி பெற்றார்கள். நாளைக்கு 20 முறைக்கு மேல் போனை எடுப்பவர்களுக்கு, வாரம் ஒருமுறைக்கு மேல் எடுக்காதவர்களைவிட விந்தணுச் செறிவு 21 சதவீதம் குறைவு. அத்தோடு நிறுத்தினால் அச்சமூட்டும் செய்தி. அதே ஆய்வு இன்னும் இரண்டு விஷயங்களைச் சொன்னது. போனைக் கால்சட்டைப் பையில் வைத்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இந்தத் தொடர்பு 2005–07 காலத்தில்தான் வலுவாக இருந்தது. 3ஜி, 4ஜி பரவப் பரவ மங்கிவிட்டது. 3ஜி போன் பேசும்போது வெளியிடும் ஆற்றல் 2ஜியைவிடப் பன்மடங்கு குறைவு என்பதோடு இதைச் சிலர் பொருத்துகிறார்கள். ஓயாமல் போன் பார்ப்பவரின் தூக்கமும் வாழ்க்கைமுறையும் காரணமாக இருக்கலாம் என்பது மற்றவர்களின் எண்ணம்.

மூளையில் ஒரு விளைவு ஓரளவு உறுதியாகவே கிடைக்கிறது. 2011இல் அமெரிக்காவில் நோரா வோல்கோவ் 47 பேரின் காதுகளில் போனைப் பொருத்தி, ஒலியை முடக்கி, 50 நிமிடம் அழைப்பில் வைத்தார். ஆன்டெனாவை ஒட்டிய மூளைப் பகுதியில் குளுக்கோஸ் பயன்பாடு 7 சதவீதம் கூடியது. அதே ஆண்டு பின்லாந்து ஆய்வு ஒன்று, குறைந்ததாகச் சொன்னது. ஆனால் மூளை மின்னலைப் பதிவில் ஆல்ஃபா அலைகள் சற்றே மாறுவது பல ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. அந்த மாற்றத்தால் நினைவோ உடல்நலமோ கெட்டதாகக் காட்டப்படவில்லை. ஏன் நிகழ்கிறது என்பதற்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட விளக்கம் இல்லை.

எலிகளின் இதயம்

இத்துறையின் மிகப் பெரிய சோதனைக்கு அமெரிக்க அரசு சுமார் 3 கோடி டாலர் செலவிட்டது. சிகாகோவில் உலோகச் சுவர்கொண்ட 21 அறைகள். நாலாபுறமிருந்தும் அலை சீராகப் படும்படி உள்ளே துடுப்புகள் சுழலும். எலிகள் தாயின் கருவில் இருந்தபோதே தொடங்கி, நாளைக்கு ஒன்பது மணி நேரம், பத்து நிமிடம் அலை, பத்து நிமிடம் ஓய்வு என்று இரண்டு ஆண்டுகள் ஓடியது சோதனை. அளவுகள் 1.5, 3, 6 வாட். அதுவும் முழு உடலுக்கு.

2018இல் இறுதி அறிக்கை வந்தது. அலை படாத 90 ஆண் எலிகளில் ஒன்றுக்குக்கூட இதயத்தில் ‘ஷ்வானோமா’ என்ற நரம்புறைப் புற்று இல்லை. 6 வாட் பட்டவற்றில், ஜிஎஸ்எம், சிடிஎம்ஏ என்ற இரு செல்போன் முறைகளுக்கும் தலா 90 ஆண் எலிகளில் முறையே 5, 6. இதைத் ‘தெளிவான சான்று’ என்று, சோதனையை நடத்திய தேசிய நச்சியல் திட்டம் வகைப்படுத்தியது. பெண் எலிகளில் இத்தகைய தெளிவு இல்லை, சுண்டெலிகளிலும் இல்லை. இன்னொரு விநோதம்: அலை பட்ட ஆண் எலிகள், படாதவற்றைவிட அதிக நாள் உயிர் வாழ்ந்தன. சீக்கிரம் செத்த ஒப்பீட்டு எலிகளுக்குப் புற்று வளர நேரம் போதவில்லையோ என்ற சந்தேகம் அங்கே நுழைந்தது. 6 வாட் என்பது மனித முழு உடல் வரம்பைப்போல் 75 மடங்கு என்பதையும் மறக்க முடியாது.

அதே ஆண்டு இத்தாலியின் பொலோனாவிலுள்ள ரமாஸ்ஸினி நிறுவனம், 2,448 எலிகளை டவர் போன்ற 1.8 கிகாஹெர்ட்ஸ் அலையில் நாளைக்கு 19 மணி நேரம் வைத்த சோதனையின் முடிவைச் சொன்னது. அளவு மிகக் குறைவு. ஆனால் உச்ச அளவில், ஆண் எலிகளில், அதே இதய ஷ்வானோமா. இரண்டு கண்டங்கள், இரண்டு விதமான அலை அமைப்பு. கட்டியோ ஒரே அபூர்வ வகை. தற்செயல் என்று எளிதில் தள்ள முடியாதது இந்த ஒற்றுமைதான்.

ஜெர்மனியின் அலெக்சாண்டர் லெர்ஷ்ல், வியன்னா முடிவுகளை மிகக் கடுமையாக விமர்சித்தவர். அவரே 2015இல், கருவிலேயே புற்றூக்கி வேதிப்பொருள் கொடுக்கப்பட்ட சுண்டெலிகளை 3ஜி அலையில் வைத்தபோது நுரையீரல், கல்லீரல் கட்டிகள் கூடியதைக் கண்டார். பொதுமக்கள் வரம்பில் பாதியான 0.04 வாட்டிலும் கூடியது. அளவை ஏற்ற ஏற்ற விளைவு ஏறவில்லை என்பது புதிர். இருந்தாலும் முன்பு வேறொரு குழு கண்டதை அவரது சோதனை மறு உறுதி செய்தது. உலக சுகாதார நிறுவனம் கேட்டுப் பெற்று 2025இல் வெளியான விலங்கு ஆய்வு மதிப்பாய்வு, ஆண் எலிகளின் இதய ஷ்வானோமாவுக்கும் மூளையின் கிளையோமா கட்டிக்கும் உள்ள சான்றை ‘உயர் உறுதி’ என்று மதிப்பிட்டது.

மனிதர்களின் கணக்கு

2010இல் வெளியான 13 நாடுகளின் ‘இன்டர்ஃபோன்’ ஆய்வு, வழக்கமாகப் போன் பயன்படுத்துவோருக்குக் கிளையோமா ஆபத்து 19 சதவீதம் குறைவு என்றும், மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களுக்கு 40 சதவீதம் கூடுதல் என்றும் சொன்னது. போன் புற்றிலிருந்து காக்கும் என்று யாரும் நம்பவில்லை. எத்தனை மணி நேரம் பேசினோம் என்ற நோயாளிகளின் நினைவை நம்பியதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். இதையும் ஸ்வீடன் ஆய்வுகளையும் வைத்து, 2011 மே மாதம் லியோனில் கூடிய சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 31 அறிவியலாளர்கள், இந்த அலைகளை ‘புற்று உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தார்கள். ஆபத்து எவ்வளவு என்பதை அந்தப் பிரிவு சொல்வதில்லை. சான்று எவ்வளவு என்பதை மட்டும் சொல்கிறது.

நினைவை நம்பாத ஆய்வுகள் வேறு திசையில் போகின்றன. டென்மார்க்கில் 1995க்குள் இணைப்பு வாங்கிய 4,20,095 பேரைப் பதிவேடுகள் வழியே தொடர்ந்தார்கள். பிரிட்டனில் 7,76,000 பெண்களைச் சுமார் 14 ஆண்டுகள் தொடர்ந்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டிலும் மூளைக்கட்டி கூடவில்லை. 2024இல் ஆஸ்திரேலியாவின் கென் கரிபிடிஸ் தலைமையில், உலக சுகாதார நிறுவனத்துக்காக 63 ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பாய்வும் அதையே சொன்னது.

சிட்டுக்குருவி வழக்கு

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு மூளைக்கட்டியைவிடச் சிட்டுக்குருவியைச் சுற்றியே அதிகம் நடந்தது. செல்போன் அலைகளால் பறவைகள் அழிகின்றன என்ற அந்தப் பேச்சை 2018இல் ஷங்கரின் ‘2.0’ படம் திரைக்குக் கொண்டுபோனது. செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் செய்தது. 2020இல் வந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை பார்த்தது வேறு: சிட்டுக்குருவி பெருநகரங்களில் குறைந்திருக்கிறது, நாடு முழுக்கப் பார்த்தால் கால் நூற்றாண்டாக ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது. அந்தக் கால் நூற்றாண்டில்தான் டவர்கள் ஊருக்கு ஊர் முளைத்தன.

பறவைகளுக்கு ரேடியோ அலை ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் வலசை போகும் ராபின் பறவைகள் நகரத்து மின்காந்த இரைச்சலில் திசை தடுமாறியதை 2014இல் ‘நேச்சர்’ வெளியிட்டது. ஆனால் தொந்தரவு செய்தது 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலை. செல்போன் அலைவரிசை அதற்கு மிக உயரே இருக்கிறது. சண்டிகரில் 2010இல் தேன்கூட்டுக்குள் போனை வைத்துச் செய்த சோதனையில் தேனீக்கள் குறைந்தன. சோதித்த கூடுகள் நான்கே நான்கு.

மீதமிருப்பவை

5ஜி வந்தபின் அச்சம் புதிதாகக் கிளம்பியது. இந்தியாவில் பரவலாக ஓடும் 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டை, வைஃபை அலைவரிசைகளுக்கு இடைப்பட்டது. 26 கிகாஹெர்ட்ஸ் அலையோ தோலில் ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே அடங்கிவிடும். ஆழத்திலுள்ள உறுப்புகளை எட்டாது. தோல், கண் உயிரணுக்களில் இந்த உயர் பட்டைகளைச் சோதித்த ஆய்வுகள் இன்னும் குறைவு.

கவனமாக இருக்க விரும்புவோருக்கு வழி எளிது. தொலைவு கூடக்கூட அலை வேகமாக வலுவிழப்பதால் இயர்போனோ ஸ்பீக்கரோ போதும். சிக்னல் மங்கிய இடத்தில் போன் தன் ஆற்றலை ஏற்றிக்கொள்ளும். டவர் தூரத்தில் இருக்கும் ஊரில் தலைக்கு வந்து சேரும் அலை அதிகமாகிறது.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமைக்கு ஆலோசனை கூறும் குழு, இந்த அலைகளை மறுமதிப்பீடு செய்வதற்கு உயர் முன்னுரிமை தரும்படி 2019இலும் 2024இலும் பரிந்துரைத்திருக்கிறது. அந்தக் கூட்டத்தின் மேசையில் ஒருபக்கம் லட்சக்கணக்கான மனிதர்களில் ஏறாத மூளைக்கட்டி எண்ணிக்கையும், மறுபக்கம் ஆண் எலிகளின் இதயக் கட்டியும் இருக்கும். ஏன் ஆணுக்கு மட்டும், ஏன் எலிக்கு மட்டும், ஏன் குறிப்பாக இதய நரம்புறையில் என்ற மூன்று கேள்விகளுக்கும் உயிரணு மட்டத்தில் இன்னும் விடை இல்லை. சூட்டை மட்டும் கணக்கில் கொண்டு எழுதப்பட்ட இன்றைய வரம்புகளைத் திருத்த வேண்டுமா என்பது அந்த விடையைப் பொறுத்தது.